பூச்சிக்கு எந்த ஊர்?

இக்காஸ்ட்
டென்மார்க்
5 பங்குனி 2026

மிகுந்த அன்புக்கும் கொஞ்சம் பயத்துக்கும் உரிய அக்கா புஷ்பராணி அவர்களுக்கு,

உடன்பிறந்த தம்பி குலேந்திரன் எழுதிக்கொள்வது. நானும் மனோரஞ்சிதமும் பிள்ளை சாரங்காவும் வயிற்றுக்கு மேலே பூரண சுகம். வயிற்றுக்குக் கீழே உள்ள நிலவரம் பற்றியதே இக்கடிதம். கோல்டிங்கில் நீங்களும் அத்தானும் எல்லாப் பக்கமும் சுகமாக இருக்க இறைவனை வேண்டுகிறேன்.

முதலில், கையிலே தொலைபேசி இருக்க ஏன் கடிதம் என்று நீங்கள் யோசிப்பீர்கள். செவ்வாய்க்கிழமை நான் விஷயத்தைச் சொல்லத் தொடங்கி நாலு நிமிடம்கூட ஆகவில்லை. "முதல் உன்ர பின்பக்கத்தைப் பாரடா, பிறகு ஊரின்ர பின்பக்கத்தைப் பாக்கலாம்" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். இருபத்திரண்டு வருடம் பாலர் நிலையத்தில் வேலை செய்தால் பேச்சு அப்படித்தான் வரும் என்கிறா மனோரஞ்சிதம். இருந்தாலும் நான் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தின் பெற்றோர் சங்கத் தலைவர். குடும்ப வட்ஸ்அப்பில் எழுதலாம்தான். எழுதினால் நீங்கள் வாசிக்க முதல் ரொறொன்ரோவில் மாமி வாசித்து, அவ லண்டனுக்குச் சொல்லி, லண்டனிலிருந்து எனக்கே "இப்ப சுகமோ தம்பி?" என்று கேள்வி வரும். ஆகவே கடிதம். ஆனால் இந்த நாட்டில் கடிதம் எழுதுகிறவனை இப்போது ஒரு மாதிரித்தான் பார்க்கிறார்கள். சிவப்புத் தபால் பெட்டிகள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டார்கள். பொதி வாங்குகிற கடையில் போய், ஒரு கடிதம் அனுப்பினால் எத்தனை நாளில் போகும் என்று விசாரித்தேன். அங்கே நின்ற பெட்டை "உள்ளே என்ன இருக்கும்?" என்று கேட்டாள். "கடிதம்" என்றேன். "ஓம், ஆனால் அதுக்குள்ளே?" என்றாள். உண்மையைச் சொல்ல முடியுமா?

விஷயம் தொடங்கியது சாரங்கா படிக்கிற டெனிஸ் பள்ளிக்கூடத்தில். போன மாதம் ஒரு திங்கட்கிழமை, இரண்டாம் வகுப்புப் பெற்றோர்களுக்கான பக்கத்தில் ஒரு தாய் எழுதியிருந்தா: "எல்லாருக்கும் வணக்கம்! எங்கள் வீட்டில் மறுபடியும் பூச்சி. அல்மாவுக்கும், தம்பிமார் இரண்டு பேருக்கும், எனக்கும். எல்லோரும் மருந்து எடுத்துவிட்டோம். உங்கள் பிள்ளைகளையும் பாருங்கள். நல்ல கிழமையாக அமையட்டும்!" அதற்குக் கீழே சிரிக்கிற புழு ஒன்றின் படம். அதற்கும் கீழே பதினேழு பேர் இதயம் போட்டிருந்தார்கள். புழுவுக்கு இதயம், அக்கா! ஒரு தகப்பன், "எங்கள் வீட்டிலும்தான், தனியாக இல்லை என்பது ஆறுதல்" என்று எழுதுகிறான். வளர்ந்த மனிசி, நகரசபையில் பெரிய வேலை, "எனக்கும்" என்று பெயர் போட்டு எழுதுகிறா. வெட்கம் என்ற ஒன்றைக் கண்டுபிடிக்காமலே இந்த நாடு எப்படி இவ்வளவு முன்னேறியது என்று எனக்கு விளங்கவில்லை. எங்கட ஆக்கள் எண்டால் வீட்டை வித்துப்போட்டு வேறை ஊருக்குப் போய், அங்கை போனாப் பிறகு, அந்தப் பழைய ஊரிலதான் பூச்சி எண்டு சொல்லியிருப்பினம்.

சரி, அது அவர்கள் வீட்டு விஷயம் என்று நான் விட்டுவிட்டேன். அடுத்த நாள் எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூடத்துப் பெற்றோர் குழுவிலும் அதே மாதிரி ஒரு செய்தி வந்தது. எழுதியது உஷாராணி. கோயம்புத்தூர்ப் பக்கம். புருஷன் வெங்கட்ராமன் காற்றாலைக் கம்பனியில் எஞ்சினியர். வந்து நாலு வருடம்தான். மகள் ஹரிப்ரியா சாரங்காவுடைய வகுப்பு, சனிக்கிழமைகளில் எங்களிடம் தமிழ் படிக்க வருகிறாள். உஷாராணி எழுதியது இப்படி: "அனைவருக்கும் வணக்கம். ஹரிப்ரியாவுக்குக் கீரிப்பூச்சி இருக்கறது தெரிஞ்சுது. நாங்க மூணு பேரும் மருந்து சாப்ட்டாச்சு. உங்க பசங்களையும் செக் பண்ணிடுங்க, ப்ளீஸ். இது சாதாரணம்தான், யாரும் தயங்க வேண்டாம்." குழுவில் முப்பத்தெட்டுப் பேர். முப்பத்தெட்டுப் பேரும் வாசித்ததாகக் காட்டுகிறது. நாலு மணித்தியாலம் ஒருவரும் மூச்சு விடவில்லை. பிறகு ஒருவர் தாமரைப் பூப் படம் ஒன்றைப் போட்டு "இனிய மாலை வணக்கம்" என்றார். அதற்கு இருபத்தாறு பேர் கைகூப்பினார்கள்.

அதற்குப் பிறகுதான் என் தொலைபேசி அடிக்கத் தொடங்கியது. "அண்ணை, எங்கட பிள்ளைக்கு ஒண்டுமில்லை. எண்டாலும் தலைவர் எண்ட முறையில..." எல்லோரும் இதே வசனம். ஒன்பதாவது ஆள் தொடங்கியபோது மிச்சத்தை நானே சொல்லிவிட்டேன். எல்லோருக்கும் ஒரு விஷயத்தில் சந்தேகமே இல்லை: பூச்சியைக் கொண்டுவந்தது, பூச்சி இருக்கு எண்டு சொன்ன ஆள்தான். சொல்லாதவர்களிடம் அது எப்படி இருக்கும்?

ஞாயிற்றுக்கிழமை செயலாளர் அந்தோனிதாசன் அண்ணை வீட்டில் அவசரக் கூட்டம். மூன்று மணித்தியாலத்தில் இரண்டே கால் மணித்தியாலம் அறிவித்தலில் "பூச்சி" என்ற சொல்லைப் போடுவதா விடுவதா என்பதில் போனது. போட்டால் எங்களுக்கு வந்த மாதிரி ஆகிவிடும் என்பது அந்தோனிதாசன் அண்ணையின் வாதம். கடைசியில் ஏகமனதாக ஒரு வசனம் எழுதினோம்: "அண்மைக் காலமாகச் சில இடங்களில் அவதானிக்கப்படும் ஒரு சிறு நிலைமை காரணமாக, பெற்றோர் தத்தம் பிள்ளைகள் விடயத்தில் தக்க கவனம் எடுக்குமாறு அன்புடன் கேட்டுக்கொள்ளப்படுகின்றனர்." இதை வாசித்துவிட்டு ஆறு பேர் சோதனைக்கு மேலதிக வகுப்பு வைக்கச் சொல்லிக் கேட்டார்கள். இரண்டு பேர் வழுக்குப்பனி வருகுதாக்கும் என்று காரை வெளியில் எடுக்கவில்லை. மிச்ச முக்கால் மணித்தியாலத்தில், பூச்சி இல்லை என்று வைத்தியர் அத்தாட்சி தரும்வரை ஹரிப்ரியாவுக்குத் தமிழ்ப் பள்ளிக்கூடத்திலிருந்து "ஓய்வு" கொடுப்பதாகத் தீர்மானித்தோம். நிறுத்தவில்லை அக்கா, ஓய்வு.

அந்தத் தீர்மானத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கிற பொறுப்பு என் தலையில். போனேன். உஷாராணி கதவைத் திறந்து, "வாங்கண்ணா, உக்காருங்க, காபி போடறேன்" என்றா. "நிண்டுகொண்டே கதைக்கிறன் தங்கச்சி" என்றேன். உண்மையில் எனக்கு இப்போது கொஞ்ச நாளாக எங்கேயும் தொடர்ந்து இருக்க முடிவதில்லை. வேலையில் புதுக் கதிரை போட்டிருக்கிறார்கள், அதன் துணி சரியில்லை. நான் இருபத்துநாலு வருடம் துணிக் களஞ்சியத்தில் வேலை செய்கிறவன், துணியைத் தொட்டாலே குணம் தெரியும். முறைப்பாடு எழுதிக் கொடுத்து இரண்டு தரம் கதிரை மாற்றியும் கடி நின்றபாடில்லை. அது வேறு கதை. தீர்மானத்தை வாசித்துக் காட்டினேன்.

"டெனிஷ் ஸ்கூலுக்கு அடுத்த நாளே அனுப்பச் சொல்லிட்டாங்களேண்ணா. தமிழ் ஸ்கூலுக்கு மட்டும் என்ன?"

"அங்கை ஒழுங்கு குறைவு தங்கச்சி. எங்களுக்கு எண்டு ஒரு மரியாதை கிடக்கு."

"டாக்டர்கிட்ட கேட்டேன். இதுக்கெல்லாம் சர்டிஃபிகேட் இந்த நாட்டுல யாரும் தர மாட்டாங்களாம். சிரிச்சாங்க. சரி, மத்த பசங்களையெல்லாம் பாத்தாச்சா?"

"எங்கட பிள்ளையளுக்கு அப்பிடி ஒண்டும் இல்லை."

"பாத்தாங்களாண்ணா?"

"இல்லாததை என்னெண்டு பாக்கிறது?"

"நான் சாஃப்ட்வேர் டெஸ்டர் அண்ணா. டெஸ்ட் பண்ணாத வரைக்கும் எல்லாமே நல்லாத்தான் ஓடும்" என்றா. என்ன மரியாதையான வாய், ஆனால் எங்கேயோ குத்துகிற வாய். கதவுக்குப் பின்னால் அந்தப் பிள்ளை நின்றது. கையில் தமிழ்க் கொப்பி. சித்திரையில் நடக்கிற கலைவிழாவில் "டென்மார்க்கில் தமிழ்" என்று பேசுவதற்கு ஒரு மாதமாக மனனம் செய்கிறது. எங்கள் பள்ளிக்கூடத்தில் கொப்பியைப் பார்க்காமல் மூன்று நிமிடம் தமிழில் பேசக்கூடிய ஒரே பிள்ளை. "அங்கிள், இந்த சனிக்கிழமை உருண்டை உண்டா?" என்று கேட்டது. உருண்டை என்று அது சொல்வது என் குழையலை. நான் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு வெளியில் வந்துவிட்டேன்.

குழையலைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, இருந்தாலும் நீங்கள் எழுதப்போகிற கடிதத்துக்கு விபரம் வேண்டும் என்பதால் எழுதுகிறேன். சனிக்கிழமை வகுப்பு முடிய மத்தியானச் சாப்பாடு. மூன்று வருடமாக என் கையால்தான். பெரிய சட்டியில் சோறு, பருப்பு, கத்தரிக்காய், கிழங்குப் பிரட்டல், கொஞ்சம் சொதி. கரண்டி வைத்தால் பதம் வராது, கைதான் வேண்டும். இருபத்திரண்டு பிள்ளைகளும் வரிசையில் வந்து உள்ளங்கையை நீட்ட, நான் உருட்டி உருட்டி வைப்பேன். இடைக்கிடை உப்புப் பார்க்க எனக்கும் ஒரு வாய். வீட்டில் பாணும் அதில் பூசுகிற லிவர்பேஸ்ற்றும் தவிர வேறொன்றும் தொடாத பிள்ளைகள் என் கையால் இரண்டு, மூன்று உருண்டை சாப்பிடும். ஹரிப்ரியா நாலு. சங்கத்தின் கலண்டரில் தை மாதத்துக்கு என் கையின் படம்தான் போட்டிருக்கிறார்கள், முகம் கூட இல்லை.

இந்தப் பின்னணியில் என் வீட்டிலேயே எனக்கு எதிராகக் கலகம் தொடங்கிவிட்டது. ஹரிப்ரியாவுக்கு ஓய்வு என்று சொன்னதும் சாரங்கா டெனிசில், "அப்ப எனக்கும் ஓய்வு" என்றாள். தமிழில் சொல் என்றேன். தமிழில் சொல்ல முடியாது, தமிழ்ப் பள்ளிக்கூடம் போனால்தானே தமிழ் வரும் என்று அதையும் டெனிசில் சொன்னாள். ஒரு கிழமையாக என்னோடு கதையில்லை. எட்டு வயதுப் பிள்ளை, சோற்றுக் கோப்பையைக்கூடத் தாயின் பக்கம் தள்ளி வைத்துச் சாப்பிடுகிறாள். இருந்தாலும் என்னில் பாசம்தான். அவர்களுடைய டெனிஸ் பள்ளிக்கூடத்துக்குத் தாதி ஒருவர் வந்து, பூச்சி எப்படிப் பரவுகிறது என்று படிப்பித்துவிட்டு ஒரு படம் வரையச் சொல்லியிருக்கிறா. சாரங்கா நடுவில் ஒரு பெரிய கையை வரைந்திருக்கிறாள். என் மோதிரமும் மணிக்கூடும் அச்சு அசல். அந்தக் கையிலிருந்து சுற்றிவர இருபத்திரண்டு பிள்ளைகளுக்கு அம்புக்குறி, கதிர் வீசுகிற மாதிரி. ஆசிரியை "மிகச் சரி!" என்று எழுதி மூன்று நட்சத்திரம் போட்டிருக்கிறா. கோபத்திலும் தகப்பனை இப்படி நினைக்கிறாளே என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. குளிர்பெட்டியில் ஒட்டியிருக்கிறேன். பிரதி இத்துடன் இணைத்துள்ளேன்.

மனோரஞ்சிதம் வயோதிபர் இல்லத்தில் வேலை செய்கிறபடியால் அவவுக்கு எதற்கும் அருவருப்பில்லை. "ஆருக்கு இருக்கோ இல்லையோ, மூண்டு பேரும் ஒரே நாளில குளிசை போடவேணும், அதுதான் முறை" என்று ஒற்றைக் காலில் நின்றா. முன்னெச்சரிக்கையாகப் பிள்ளைக்கு மட்டும் வாங்குவோம் என்று நானும் வெளிக்கிட்டேன். ஆனால் எங்கே வாங்குவது? இக்காஸ்ட் மருந்துக் கடையில் நிற்பது அந்தோனிதாசன் அண்ணையின் மகள் கிளோறியா. பக்கத்து நகரம் ஹேர்னிங்கில் காலெடுத்து வைத்தால் நாலு தமிழ் ஆக்கள். ஆகவே ஐஸ் மழைக்குள் முக்கால் மணித்தியாலம் கார் ஓடி வைலேக்குப் போனேன். மருந்துக் கடைக்குள் நுழைந்தால், வெயிலுக்குப் பூசுகிற கிறீம் அடுக்கியிருக்கிற தட்டுக்கு முன்னால் அந்தோனிதாசன் அண்ணை நிற்கிறார்.

"என்ன அண்ணை, இந்தப் பக்கம்?"

"சும்மா. நீர்?"

"பற்பசை வாங்க."

"பற்பசைக்கு வைலே மட்டும் வந்தோ?"

"இஞ்சத்தைப் பற்பசை நல்லது அண்ணை. நீங்கள் வெயில் கிறீமோ?"

"ஓம், கோடை வருகுதெல்லே."

வெளியில் கல்லு மாதிரி ஐஸ் விழுகிறது. அவர் போகட்டும் என்று நான் நிற்கிறேன், நான் போகட்டும் என்று அவர் நிற்கிறார். கடைசியில் என் இலக்கத்தைக் கூப்பிட்டுவிட்டார்கள். பூச்சி மருந்து என்று மெதுவாகத்தான் சொன்னேன். கவுண்டரில் நின்ற மனிசி கடை முழுக்கக் கேட்கும்படி, "ஆருக்கு?" என்று கேட்டா. பின்னால் அந்தோனிதாசன் அண்ணை. எனக்கு ஒன்றும் ஓடவில்லை. "பூனைக்கு" என்றுவிட்டேன். "பூனை எத்தனை கிலோ?" என்று கேட்டா. என் மனம் முழுக்கச் சாரங்காதானே. "இருபத்தாறு" என்றேன். அவ ஒருக்காத் திரையைப் பார்த்தா, ஒருக்கா என்னைப் பார்த்தா. "பெரிய பூனை" என்றா. "தாய்வழி அப்படி" என்றேன். ஒரு பொதியை எடுத்துத் தந்து, இதற்கு மேல் வேண்டுமென்றால் மிருக வைத்தியரிடம் காட்டச் சொன்னா. நான் திரும்ப, அந்தோனிதாசன் அண்ணை கவுண்டருக்குப் போய், முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு, "எனக்கும் அதே பூனை மருந்து" என்று சொல்வது கேட்டது. அவருக்குப் பூனை முடி என்றால் தும்மல் வரும், அக்கா. உங்களுக்கும் தெரியும்.

பயப்படவேண்டாம், அந்த மருந்தை ஒருவருக்கும் கொடுக்கவில்லை. மனோரஞ்சிதம் பொதியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இருபத்தாறு கிலோப் பூனையை விடுங்கோ. தொண்ணூற்றாறு கிலோப் பூனைக்கு ஆர் மருந்து குடுக்கிறது?" என்று கேட்டா. அடுத்த நாள் வேலை உடுப்போடேயே இக்காஸ்ட் கடைக்குப் போய், கிளோறியாவிடம், "மூண்டு பேருக்குப் பூச்சிக் குளிசை தா பிள்ளை" என்று கேட்டு வாங்கிக்கொண்டு வந்தா. நிறைக்கு ஏற்ற கணக்கு, பத்துக் கிலோவுக்கு ஒரு குளிசை. அவவும் பிள்ளையும் அன்றே போட்டார்கள். என்னுடையதை என் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தா. சங்கத் தலைவர் பூச்சிக் குளிசை போட்டால் அது தீர்மானத்தையே பலவீனப்படுத்திவிடும் என்பதால் நான் அதைக் கூட்டக் குறிப்புகளோடு லாச்சிக்குள் வைத்துவிட்டேன். கொள்கை என்று ஒன்று இருக்கல்லோ.

இப்போது கடிதத்தின் நோக்கத்துக்கு வருகிறேன். அடுத்த கூட்டத்தில் இந்தத் தீர்மானத்தை எதிர்த்து ஒன்றிரண்டு பேர் கதைக்கக் கூடும். ஆகையால் நீங்கள், உங்கள் பாலர் நிலையத்தின் தலைப்புத் தாளில், டெனிசில், இவ்விதமான பூச்சி வெப்ப நாடுகளிலிருந்து அண்மையில் வந்தவர்களிடமே காணப்படுவது வழக்கம் என்றும், 1989ஆம் ஆண்டிலிருந்து இங்கே வாழ்கிற குடும்பங்கள் சுகாதாரத்தில் டெனிஸ்காரருக்குச் சமம் என்றும் ஒரு கடிதம் எழுதித் தரவேண்டும். டெனிஸ்காரருக்கும் பூச்சி இருக்கு என்ற விஷயத்தை எழுதத் தேவையில்லை. 1989ஐ மறந்துவிட்டியோ என்று தொலைபேசியில் கேட்டீர்கள். மறக்கவில்லை. அகதி முகாமில் ஒரு டெனிஸ் மனிசி சீப்போடு வந்து, எல்லோருக்கும் முன்னால் வரிசையில் நிறுத்தி, உங்கள் தலையில் பேன் பார்த்ததும், பதினேழு வயதுப் பிள்ளை நீங்கள் அன்றைக்கு முழுக்க ஒன்றும் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்ததும் எனக்கு நல்ல ஞாபகம். ஆனால் அக்கா, அது வேறை. அது எங்களை அவை பார்த்தது. இது நாங்கள் மற்ற ஆக்களைப் பார்க்கிறது.

வேறு புதினம் இல்லை. அத்தானின் முழங்காலுக்கு என் அன்பைத் தெரிவிக்கவும். உங்கள் இருவருக்கும் நோயற்ற வாழ்வும், நோய் வந்தாலும் வெளியில் சொல்லக்கூடிய நோயாக வரும் பாக்கியமும் கிடைக்க ஹேர்னிங் பிள்ளையாரை மன்றாடுகிறேன்.

என்றும் உங்கள் சொல்லைத் தட்டாத தம்பி,
செ. குலேந்திரன்
தலைவர், பெற்றோர் சங்கம்

பின்குறிப்பு (பதினாறு நாள் கழித்து): பொதிக் கடைக்குப் போக நேரமில்லாமல் இக்கடிதம் காரில் கிடந்துவிட்டது. நல்லகாலம். மேலே எழுதியதில் முகவரி மட்டும் சரி.

எழுதி முடிச்ச அடுத்த காலமை குளியலறைக் கண்ணாடியில மனோரஞ்சிதம் ஒரு கண்ணாடி ரேப்பை ஒட்டி, "எழும்பினவுடன, கழுவ முதல், பின்பக்கத்தில ஒட்டி எடுக்கவும்" எண்டு எழுதி வைச்சிருந்தா. என்னில ஒண்டும் இல்லை எண்டு நிரூபிச்சு, அந்த ரேப்பையே கூட்டத்தில காட்டலாம் எண்டுதான் செய்தனான். யன்னல் வெளிச்சத்தில பிடிச்சுப் பார்த்தன். இருபத்துநாலு வருசம் நூலோட வேலை செய்தவன் அக்கா நான். எது நூல் எண்டு எனக்குத் தெரியும். நூல் தன்ர பாட்டில நெளியாது. சாரங்கா பூதக்கண்ணாடியோட ஓடி வந்து, ஒரு கிழமைக்குப் பிறகு முதல்முதலாத் தமிழில கதைச்சாள்: "அப்பா, மூண்டு இருக்கு!" அவ்வளவு சந்தோசம். குளிர்பெட்டியில ஒட்டின படம் என்ன எண்டு எனக்கு அப்பத்தான் விளங்கினது.

பத்துக் குளிசையையும் ஒரே தரத்தில போட்டன். குளிசைச் சாயத்தில அடுத்த நாள் எல்லாம் சிவப்பா வரும் எண்டு ஒருத்தரும் முன்கூட்டிச் சொல்லேல்லை. அம்புலன்சுக்கு அடிக்க வெளிக்கிட்டனான், மனோரஞ்சிதம் போனைப் பறிச்சு வைச்சிட்டா.

பிறகு குழுவில எழுத இரண்டு மணித்தியாலம் எடுத்தது. "சில இடங்களில் அவதானிக்கப்படும்" எண்டு இரண்டு தரம் எழுதி அழிச்சன். கடைசியில எழுதினது இவ்வளவுதான்: "எனக்குப் பூச்சி. என்ர கையாலதான் உங்கட பிள்ளையளுக்குச் சோறு குடுத்தனான். ஹரிப்ரியாவில ஒரு பிழையும் இல்லை. எல்லாரும் ஒரே நாளில மருந்து எடுங்கோ. குலேந்திரன், தலைவர்." அனுப்ப முதல் "தலைவர்" எண்டதை அழிச்சிட்டன். குழுவில ஒருத்தரும் வாய் திறக்கேல்லை. ஆனால் ஒரு மணித்தியாலத்துக்குள்ள தனித்தனியாப் பதினொரு குடும்பம் எழுதினவை. "எங்கட வீட்டில கார்த்திகையில இருந்து அண்ணை, உங்களுக்கு மட்டும் சொல்லுறன்." பதினொண்டும் எனக்கு மட்டும். பூனை மருந்து மனிசருக்கு ஏதும் செய்யுமோ எண்டு தன்ர சிநேகிதர் ஒருத்தர் கேக்கிறார் எண்டு அந்தோனிதாசன் அண்ணை எழுதினார். உடன வைத்தியருக்கு அடிக்கச் சொன்னன், சிநேகிதருக்கு.

உஷாராணிக்கு நேர போய் மன்னிப்புக் கேட்டன். "பரவால்லண்ணா" எண்டா. "ஆனா பாப்பா இப்ப சனிக்கிழமை ஸ்விம்மிங் போறா. அங்க யாரும் யாரையும் ஓய்வெடுக்கச் சொல்றதில்ல." அவ்வளவுதான், குரல் உயர்த்தேல்லை.

இண்டைக்குச் சனிக்கிழமை. சாரங்காவும் அங்கைதான் போவனெண்டு அடம். கூட்டிக்கொண்டு போனன். நீச்சல் தடாகத்து வாசலில ஆள் உயரத்துக்கு ஒரு படம். தண்ணிக்குள்ள இறங்க முதல் எந்தெந்த இடத்தைச் சவுக்காரம் போட்டுக் கழுவவேணும் எண்டு சிவப்பு வட்டம் போட்டுக் காட்டியிருக்கு. ஒரு சொல்லும் மறைக்கேல்லை. ஒரு வரிக்கும் கூட்டம் வைச்சிருக்க மாட்டினம்.

வாங்கில உஷாராணி இருந்தா. பக்கத்தில கிடந்த பையை எடுத்து மடியில வைச்சா. நான் இருந்தன். ஹரிப்ரியா தண்ணி சொட்டச் சொட்ட வந்து நிண்டது. கலைவிழாவில பேச வருவியோ பிள்ளை எண்டு கேட்டன். தாயைப் பாத்துது. தாய், "உன் இஷ்டம்" எண்டா.

"வரேன் அங்கிள். ஆனா தலைப்பு நான்தான் சொல்வேன்."

"சொல்லு பிள்ளை."

"பூச்சி."

நிகழ்ச்சி நிரலில அந்தச் சொல்லை அப்பிடியே அச்சடிக்கவேணுமாம். அவள் பேசி முடிய நான் மேடைக்கு வந்து, எங்கை இருந்து தொடங்கினது எண்டு எல்லாருக்கும் கையைத் தூக்கிக் காட்டவேணுமாம். சாரங்கா பின்னால நிண்டு தலையாட்டுறாள், இரண்டு பேரும் கதைச்சு வைச்சுத்தான் வந்திருக்கினம். ஓம் எண்டிட்டன், அக்கா.

தலைப்புத் தாள் வேண்டாம். நீங்கள் வாங்கோ. முன்வரிசையில இடம் பிடிச்சு வைக்கிறன். சிரிக்கிறதெண்டால் கடைசி வரிசை.